ஏஎம்டியில் தேய்வது கியர் பாக்ஸ் இல்லை, கிளட்ச்

"ஏஎம்டியா? அம்பதாயிரம் ஓடினதும் கியர் பாக்ஸ் போயிடும், பேசாம மேனுவல் எடு" என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். ஏஎம்டி என்றால் கிளட்ச் மிதிக்காமலே தானாகக் கியர் மாறும் கார். அதைக் கேட்டுப் பயந்து, முழங்கால் வலியோடு இன்னும் கிளட்ச் மிதித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரை எனக்கே தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு. என் ஏஎம்டி 97,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 42,000-இல் ஒரு தடவை கிளட்ச் மாற்றினேன். அதற்காகக் கியர் பாக்ஸை இறக்கினார்களே தவிர, இன்று வரை யாரும் அதைத் திறக்கவில்லை.

2014-இல் மாருதி செலேரியோ வந்தபோதுதான் இந்த ஏஎம்டி நம் ஊர்ச் சின்ன வண்டிகளில் பரவ ஆரம்பித்தது. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர் பாக்ஸ், எஞ்சினையும் கியரையும் சேர்த்துப் பிரிக்கும் அதே கிளட்ச் பிளேட். நம் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு சின்ன பம்ப்பும், அது அழுத்தித் தள்ளும் எண்ணெயும், சொன்ன நேரத்தில் திறந்து மூடும் வால்வுகளும் செய்கின்றன. சில வண்டிகளில் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டார். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது, அது வழுக்கினால் சூடாகும், அவ்வளவுதான். ஏஎம்டியில் வழுக்குவது பிளேட். வழுக்கினால் தேயும். ஷோரூமில் சாவி கொடுக்கும்போது இந்த ஒரு விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தெரியாமல் நான் செய்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைப்பாதையில், இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறியிருப்போம், வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பின்னால் உருளாமல் இருக்க பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தேன், ஆட்டோமேட்டிக்தானே என்ற நினைப்பில். கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை. முன்னால் போன லாரியின் பிரேக் என்று நினைத்தேன், என் கிளட்ச்தான். அதற்கப்புறம் சில வாரத்தில் எஞ்சின் உறுமும், வேகம் வராது. பில் ஐந்து இலக்கத்தில் வந்தது.

மாற்றிக் கொடுத்த மெக்கானிக், "சார், ஏத்தத்துல நின்னா பிரேக்கை முழுசா மிதிச்சிடுங்க, ரொம்ப நேரம்னா நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துடுங்க" என்றார். அன்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன். நகர நெரிசலில் முன் வண்டி இரண்டடி நகர்ந்தால் நானும் இரண்டடி நகர்வதில்லை, ஒரு வண்டி இடம் விட்டுப் பிறகு போகிறேன், ஏனென்றால் அந்த ஊர்ந்து போகும் நேரம் முழுக்க கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்கிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். மலையில், கியரை நாமே தேர்ந்தெடுக்கும் மேனுவல் மோடு போட்டு இரண்டாவது கியரிலேயே ஓட்டுவேன். தானாக விட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாறி மாறித் தடுமாறும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பேட்டரியை அலட்சியம் செய்யாதீர்கள். பம்ப், வால்வு, இவற்றுக்கு உத்தரவு கொடுக்கும் கணினி எல்லாமே மின்சாரத்தில் ஓடுவதால், பேட்டரி சோர்ந்தால் கியர் விழாமல் நின்றுவிடும், நாமும் கியர் பாக்ஸ் போய்விட்டது என்று பதறுவோம். பிரேக் விளக்கின் சுவிட்ச் கெட்டாலும் இதே கதைதான், பிரேக் மிதித்தது கணினிக்குத் தெரியாவிட்டால் நியூட்ரலிலிருந்து நகராது. பெரிய செலவுக்குச் சம்மதிக்கும் முன் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் அழுத்தித் தள்ளும் அந்த எண்ணெயின் (ஆக்சுவேட்டர் எண்ணெய்) அளவைச் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்திருந்தால் கம்பெனி சொன்ன எண்ணெய் மட்டும்தான், கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.

கிளட்ச் மாற்றினால், புதுப் பிளேட் எங்கே பிடிக்கிறது என்று கணினிக்கு ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் வண்டி உதறி உதறிக் கிளம்பும், புது பிளேட்டும் சீக்கிரம் போகும். ஸ்கேனர் இல்லாத பட்டறையில் ஐந்நூறு ரூபாய் குறைவு என்று இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பழைய ஏஎம்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு மேம்பால ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி மெதுவாக நகர்ந்தால், கிளட்ச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.