டிடிஎஸ் மீட்டர் ஈயத்தைக் காட்டாது

"போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) 180தான், ஈயம், ஆர்சனிக் இருக்க வாய்ப்பே இல்லை, சந்தேகம் என்றால் வாட்டர் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் போதும்" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு.

டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்துத்திறனை. அதில் தெரியும் மிகச்சிறிய மாற்றம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஈயத்துக்கான வரம்பு 0.01 மில்லிகிராம். வரம்பைப்போல் ஐம்பது மடங்கு ஈயம் இருந்தாலும் அந்தத் திரையில் எண் அசையாது. இதற்கு, மிக நுண்ணிய அளவு உலோகங்களையும் தனித்தனியாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் போன்ற லேப் கருவிதான் வேண்டும்.

பாட்டில் விஷயம் இன்னும் முக்கியம். இரும்புச்சத்துள்ள போர்வெல் நீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். காற்றுப்பட்டு சில மணி நேரத்தில் பழுப்பாகி அடியில் படியும். அந்தப் படிவு ஆர்சனிக்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மேல்நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் அளவு குறைந்து வரும். ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகக் குடிப்பீர்கள், அதுதான் ஆபத்து.

அதனால் அமிலத்தில் கழுவிய ஹெச்டிபிஇ (ஒரு வகை கெட்டி பிளாஸ்டிக்) பாட்டிலை லேபிடமே கேட்டு வாங்குங்கள். பிடித்தவுடன் உயர்தூய்மை நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் லிட்டருக்கு 2 மி.லி. போதும். வீட்டில் இதைச் செய்யாதீர்கள், அமிலம் இட்ட பாட்டிலாகவே கேளுங்கள். அதைக் கழுவவோ வழியவிடவோ கூடாது. அமிலம் சேர்க்காமல் கொடுத்துவிட்டால், லேபில் அதே பாட்டிலில் சேர்த்து குறைந்தது 16 மணி நேரம் வைத்த பிறகே அளக்கச் சொல்லுங்கள்.