குச்சிதானே மச்சான்!

போன ஞாயிறு என்னோடு அம்பு விட வந்தவன், என் அம்பை ரெண்டு துண்டாகக் கையில் கொடுத்துவிட்டு “குச்சிதானே மச்சான், விடு” என்றான். உடைந்த இடத்திலிருந்து இஞ்சி மாதிரி ஒரு காரமான வாசனை. போர்ட் ஆர்ஃபர்ட் சீடர். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலும், அதை ஒட்டிய கலிபோர்னியாக் காட்டிலும் வளர்கிற மரம். அங்கேயே வேரழுகல் நோய் அதைப் போட்டு வாட்டுகிறது. என் அத்தை பையன் ஊருக்கு வரும்போது, பெட்டியில் நுழையாததை அட்டைக் குழாயில் போட்டு, “கஸ்டம்ஸ்ல கேட்டா நான் என்னடா சொல்றது” என்று திட்டிக்கொண்டே கொண்டுவந்த பன்னிரண்டில் ஒன்று. ஆமாம், நானும் குச்சி என்றுதான் சொல்வேன். நான் சொல்லலாம். அவன் சொல்லக் கூடாது.

இங்கே மரமே இல்லையா என்று கேட்பீர்கள். சென்னையில் மரச்சட்டம் விற்கிற எந்த பீடிங் கடையிலும் உருட்டுக் குச்சி இருக்கிறது. எனக்கு வேண்டியது 8.7 மில்லிமீட்டர் கனம். “8 இருக்கு, 10 இருக்கு. 10-ஐ வாங்கித் தேய்ச்சுக்குங்க சார்” என்பார் கடைக்காரர். சரி, தேய்க்கிறேன். ஆனால் நார் ஓட்டம்? குச்சியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நார் நேராக ஓடணும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால், நாணை விட்ட நொடியில் அந்த இடத்தில் பிளந்து, வில் பிடித்த கையிலேயே ஏறும். அதனால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். ஐம்பது பார்த்தால் நாலு தேறும். “என்ன சார், பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க?” பொண்ணு பார்க்கப் போன வீட்டில்கூட நான் இவ்வளவு நேரம் உட்காரவில்லை.

இந்தக் கூத்தே வேண்டாம் என்று ஆன்லைனில் ஒரு கடையில் ‘ஒரே விறைப்பு, 40–45 பவுண்டு’ (அதாவது, இழுக்க அவ்வளவு பலம் கேட்கிற வில்லுக்கான விறைப்பு) என்று போட்டிருந்த ஒரு டஜன் பைன் குச்சி வாங்கினேன். வீட்டில் பரிசோதனை சுலபம். 26 அங்குல இடைவெளியில் ரெண்டு ஆணி, மேலே குச்சி, நடுவில் ரெண்டு பவுண்டு எடை. நான் 907 கிராம் மணலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுவேன். 40 பவுண்டு வில்லுக்கான குச்சி 16.5 மில்லி தொய்யணும். வந்த பன்னிரண்டில் ஒன்று 12 மில்லி, இன்னொன்று 22. கணக்குப் போட்டால் ஒன்று 55 பவுண்டு, மற்றது 30! வலது கைக்காரன் நான். விறைப்பானது இடது பக்கம் ஓடும், தொளதொளத்தது வலது பக்கம் ஓடும். நடுவில் இலக்கு மட்டும் அனாதையாக நிற்கும். அந்தக் கடைக்கு எழுதினால், “மரம் இயற்கைப் பொருள், சிறு வேறுபாடு இருக்கும்” என்று பதில். சிறு வேறுபாடாம்!

இறகு அடுத்த கொடுமை. வான்கோழி வெட்டுகிற இடத்தில் சொல்லிவைத்து, பெரிய சிறகு இறகு மட்டும் வேண்டும், இடது சிறகு தனிப் பை, வலது சிறகு தனிப் பை என்று பையில் எழுதியே கொடுத்தேன். ரெண்டும் வளைகிற பக்கம் வேறு. ஒரே அம்பில் கலந்து ஒட்டினால் ஒன்று இப்படிச் சுழற்றப் பார்க்கும், மற்றது அப்படி. வந்தது ஒரே மூட்டை, வால் இறகும் சேர்த்து. “எல்லாம் ஒரே கோழிதான சார்?” என்றார் அண்ணன். அவரைச் சொல்லி என்ன, தரையில் உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணி வரை பிரித்தேன்.

இதெல்லாம் முடிந்து ஒட்டி, வார்னிஷ் அடித்து வைத்தால் ஐப்பசி வருகிறது. உலோக முனைக்குள் இருக்கிற மரத்தில் வார்னிஷ் படாத ஒரு புள்ளி போதும், ஈரம் அங்கே குடியேறிவிடும். காலையில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் அம்பு வாழைப்பழம் மாதிரி சிரிக்கும். இட்லிப் பானை ஆவியில் காட்டி, உள்ளங்கையால் அழுத்தி, ஆறும் வரை பிடித்துக்கொண்டே நிற்கணும். “இட்லி வேகட்டும், அப்புறம் அம்பு வேக வைக்கலாம்” என்று அம்மா குரல் வரும்.

“கார்பன் அம்பு வாங்கிடேன் மச்சான்.” இதைச் சொல்லாத ஆள் இல்லை. பாட்டு கற்றுக்கொள்கிறவனிடம் போய் ரேடியோ வாங்கிடேன் என்பீர்களா? லண்டனில் 1371-லேயே வில் செய்கிறவர் வேறு, அம்பு செய்கிறவர் வேறு என்று தனித்தனியாகப் பிரிந்துவிட்டார்கள். முழுநேரமும் அதையே செய்தவர்களுக்கே ஒரு வேலைதான் கைகொண்டது. நான் ஆபீஸ் முடிந்து வந்து செய்கிறேன்.

உடைத்ததுகூடப் பரவாயில்லை. உடைத்தவன் அதற்கு முன்னால் அதே அம்பைக் கல்லில் அடித்திருக்கிறான், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பார்த்திருப்பேன். உள்ளே விரிசல் இருந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அத்தோடு ஒதுக்கியிருப்பேன். அவன் பேசாமல் அடுத்த தடவையும் பூட்டி விட்டிருக்கிறான். அவன் கை தப்பியது முன்னோர் செய்த புண்ணியம்.

முனையை மெழுகுவத்தியில் சூடாக்கிக் குறடால் இழுத்தேன், அது தப்பியது. மிச்சத் தண்டை வெட்டி அக்கா மகளின் சின்ன வில்லுக்குப் பண்ணலாமா என்றால், நீளம் குறைந்ததில் இன்னும் விறைத்துவிட்டது, அவள் வில்லுக்கு ஆகாது. ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மூன்று இறகோடு மாடித் தொட்டியில் ரோஜாச் செடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.

“நல்லா நேரா இருக்குடா இந்தக் குச்சி. இன்னும் ரெண்டு கிடைக்குமா?” என்கிறாள் அம்மா.