எங்கள் குளத்துக் கரம்பைக்கு எத்தனை கையெழுத்து?

போன கோடையில் எங்கள் குளம் வற்றிக் கிடந்தது. நெல்லை மாவட்டத்தில் சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயை நம்பியிருக்கிற சின்னக் குளம். அடியில் முழங்கால் ஆழத்துக்குக் கரம்பை, அதாவது வயலுக்கு உரமாகப் போடுகிற வண்டல் மண். என் பெரியப்பாவுக்கு 76 வயது. சிறுவயதில் மாட்டுவண்டி பூட்டித் தன் அப்பாவோடு கரம்பை அடித்தவர். வயலுக்கு ஒரு பத்து நடை டிராக்டரில் அடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டார்.

அவர் காலத்தில் இதற்கு ஊர்க்கூட்டம் போதும். எந்தப் பக்கம் வெட்டலாம், கரையிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும், மடைக்குப் பக்கத்தில் கைவைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதை மீறினால் அடுத்த நாளே ஊருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது மனுப் போட வேண்டும். பட்டா நகல், அடங்கல், ஆதார் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். முதல் தடவை குளத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அடுத்த தடவை கையெழுத்துப் போடுகிறவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பெரியப்பா நான்கு தடவை பஸ் ஏறிப் போனார். அனுமதி கைக்கு வந்தபோது ஜூன் பிறந்துவிட்டது. கார் சாகுபடிக்கு அணையைத் திறந்து, குளம் பெருகிவிட்டது. அந்தத் தாள் இன்னும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு இந்த அனுமதிக்கு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்தது. 2024-இல் தாசில்தாரே கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். வண்டல் என்ற பெயரில் செம்மண்ணும் சரளும் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் விதி என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற லாரியை இந்த விதி தடுத்து நான் பார்த்ததில்லை. பட்டப்பகலில் டிராக்டரோடு வருகிற பெரியப்பாவைத்தான் தடுத்தது. அந்த லாரி யாருடையது என்று ஊருக்குத் தெரியும். ஊரிடம் கேட்கத்தான் யாரும் இல்லை.

நண்பர்கள் என்னைப் பழமைவாதி என்கிறார்கள். அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான வருஷம் ஓடிய ஓர் ஏற்பாட்டைக் கலைப்பதற்கு முன்னால், அது எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அரசாங்கமே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ஊரால் செய்ய முடிகிற வேலையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டு, அப்புறம் செய்யாமலும் விட்டுவிடுவதைத்தான் தப்பு என்கிறேன்.

தாமிரபரணியையே பாருங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று 8 அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டம்தான் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் ஆட்சியில் கட்டியது. மற்ற 7-ம் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. அந்தத் தண்ணீரைக் குளம் குளமாகப் பிரித்து, மடைக்கு மடை முறைவைத்து, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சிக்கு அறுப்பில் நெல் அளந்து கொடுத்து நடத்தியது ஊர்தான். பிசான சாகுபடிக்கு முன்னால் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். குடிமராமத்து என்பது அதுதான்.

அந்த வழக்கத்தில் முதலில் கைவைத்தது வெள்ளைக்கார அரசு. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். மராமத்துக்கு வராதவன், வந்திருந்தால் செய்திருக்கும் வேலையின் மதிப்பில் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். ஊருக்குக் கட்டுப்பட்டுச் செய்த வேலை சர்க்கார் உத்தரவுக்குப் பயந்து செய்கிற வேலையாக மாறினால், அதில் எத்தனை நாளைக்கு மனசு ஒட்டும்? அப்புறம் பொதுப்பணித்துறை பெரிதாக வளர்ந்தது. குளம் துறையுடையதானது, ஷட்டர் சாவியும் துறையிடம் போனது. அமலைச் செடி மண்டிக் கிடந்தாலும் "அது அவங்க வேலை" என்று சொல்ல நாங்களும் பழகிக்கொண்டோம். அந்தப் பழக்கம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பயனாளிகள் போட வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எஸ்டிமேட்டும் துறை, அளவு எடுப்பதும் துறை, பில் போடுவதும் துறை.

சரி, குளம் போகட்டும். ஊருக்கென்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தாவது இருக்கிறதே என்பீர்கள். நம் மாவட்டத்தின் கதை பலருக்கு மறந்துவிட்டது.

73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்தின் காலம் 5 வருஷம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. 2016 அக்டோபரில் நம் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது. விதிப்படி வெளியிடவில்லை என்று உயர் நீதிமன்றம் அடுத்த தேர்தலுக்கான அறிவிப்பை ரத்து செய்தது. அதைச் சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும்? 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பர் ஆனது. இதற்கிடையில் நவம்பரில் தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரித்திருந்தார்கள். எல்லை வரையறை முடியவில்லை என்று நெல்லையும் தென்காசியும் உட்பட 9 மாவட்டங்கள் அந்தத் தேர்தலில் விடுபட்டன. நமக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்தான்.

ஐந்து வருஷம்! ஒரு பஞ்சாயத்தின் முழு ஆயுள். அத்தனை நாளும் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? சட்டமன்றத்துக்கு ஐந்து வருஷம் தேர்தல் நடத்தாமல் ஓர் அதிகாரியை உட்கார வைத்தால் நாடே கொதித்திருக்கும். ஊருக்குச் செய்தபோது தொலைக்காட்சியில் ஒரு விவாதம்கூட நான் பார்க்கவில்லை. இதில் எந்தக் கட்சியையும் நான் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. முன்பு அ.தி.மு.க. ஆட்சியில் நடந்தது. தி.மு.க. ஆட்சியில், 2025 ஜனவரி 5-ஆம் தேதி அந்த 27 மாவட்டங்களின் காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். நம்முடைய ஐந்து வருஷம் 2026 அக்டோபரில் முடிகிறது.

தேர்ந்தெடுத்த தலைவருக்காவது முழு அதிகாரம் உண்டா? 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தலைவரை நீக்குகிற அதிகாரம் ஆட்சியரிடம் இருக்கிறது. தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தை எழுதி அனுப்புவார், முடிவு ஆட்சியருடையது. ஊர் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரை ஊரைக் கேட்டுத்தானே இறக்க வேண்டும்? மதுக்கடையும் இப்படித்தான். 2003 முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் கிராம சபையில் எழுந்து கடை வேண்டாம் என்று சொன்னார்கள். கடை அங்கேதான் இருக்கிறது.

ஊரை நம்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைவூட்டுகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கரைகள் உடைந்து, ரயில் பாதை அரித்துப்போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள், குழந்தைகள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீடுகளும் வெள்ளத்தில் கிடக்கும்போது, கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்கள். எந்த அரசாணையும் அவர்களிடம் இல்லை. ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் பின்னால் வந்தன, அவர்களுக்கும் நன்றி. முதல் சோறு போட்டது ஊர்.

இந்த இடத்தில் ஒரு தம்பி கேட்பான்: "அண்ணாச்சி, ஊர் ஊர்ங்கீங்களே, ஊர்னா சாதிதானே?" அந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். அவர் பட்ட அனுபவத்திலிருந்து பேசினார். நம் மானூர்க் கோயிலில் சுமார் 1,200 வருஷத்துப் பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. சபையில் உட்கார யாருக்குத் தகுதி என்று அந்த ஊர்ச் சபையே கூடித் தீர்மானித்தது. வந்த யோசனைக்கெல்லாம் குறுக்கே நிற்கிறவருக்குத் தண்டம் 5 காசு. அதைப் படிக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சபையில் நிலமில்லாதவருக்கு இடமில்லை. பட்டியல் சாதி மக்களுக்கும் பெண்களுக்கும் உட்கார நாற்காலி கொடுத்தது இன்றைய சட்டம்தான். அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். 2011-இல் தாழையூத்தில் தலித் பெண் பஞ்சாயத்துத் தலைவரை வெட்டினார்களே, அரசு பலமாக நிற்க வேண்டிய இடம் அது. அங்கே போலீஸ் வேண்டும், விரைவான நீதிமன்றம் வேண்டும். கரம்பைக்கு நான்கு நடை அலைய வைக்கிற அரசு, உயிருக்குப் பயந்து மனுக் கொடுக்கிற தலைவருக்கு ஓடி வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வருகிற மே 1 கிராம சபையில் மூன்று தீர்மானம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கரம்பை எடுக்க அனுமதி தருவதும் கண்காணிப்பதும் பஞ்சாயத்தின் பொறுப்பாக வேண்டும். மடைச் சாவியில் ஒன்று பாசன விவசாயிகளிடம் இருக்க வேண்டும். அக்டோபருக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். எங்கள் ஊர் அளவுக்குக் கூட்டம் செல்லுபடியாக 100 பேர் வேண்டும். வெளியூரில் இருக்கிற நம் பிள்ளைகள் அன்றைக்கு லீவுதானே, வந்துவிடுங்கள். பெரியப்பா அந்த அனுமதித் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். கூட்டத்தில் அவரே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.