குழந்தை பிறந்தது நேரலையில் அல்ல

அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பால் தமக்குக் குழந்தை பிறந்ததை நேரலையில் காட்டினார் என்றும், தொலைக்காட்சியில் கருவுற்ற பெண்ணாகத் தோன்றிய முதல் நடிகை அவரே என்றும் சொல்லப்படுவது சரியன்று. அவர் நடித்த ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர் பார்வையாளர்கள் முன்னிலையில் 35 மி.மீ. படச்சுருளில் முன்கூட்டியே எடுக்கப்பட்டு, பிறகு ஒளிபரப்பானது. அவருடைய பாத்திரமான லூசி பிரசவத்துக்காக மருத்துவமனைக்குச் செல்லும் பகுதியும் 1952 நவம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது; அது ஒளிபரப்பான 1953 ஜனவரி 19 அன்று, தொடர் வழக்கமாக வரும் திங்கட்கிழமையைப் பார்த்துக் குறித்த அறுவை சிகிச்சையில், லூசில் பாலுக்கு மகன் பிறந்தான். கதையிலும் ஆண் குழந்தைதான். அந்த ஒன்று மட்டும் உண்மையிலேயே அதிர்ஷ்டம்.

‘முதல்’ என்ற பெருமை, 1948-இலேயே மேரி கே ஸ்டெர்ன்ஸின் கருவுறுதலைக் கதையில் சேர்த்துக்கொண்ட ‘மேரி கே அண்ட் ஜானி’ தொடருக்கு உரியது. ஆனால், ‘ஐ லவ் லூசி’யில், தங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று ஒருவர் பெயர் குறிப்பிடாமல் எழுதிய சீட்டு கைக்கு வர, லூசியின் கணவரான பாடகர் ரிக்கி, அது யாரெனத் தேடி இரவு விடுதியில் மேசை மேசையாகத் தாலாட்டுப் பாடிக்கொண்டே போய், லூசி மௌனமாகத் தலையசைத்ததும் திகைத்து நிற்கும் காட்சிக்கு நிகரானதொன்றை, என்னைக் கேட்டால், அந்தக் காலத் தொடர்கள் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. அந்தக் கதையிலும் ‘கர்ப்பம்’ என்ற சொல் வசனத்தில் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.