சரிவை உங்க காம்பவுண்டுக்குள்ள போடுங்க

திருநெல்வேலியில் பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் பத்திரத்தில் 20 அடி ரோடு என்று இருக்கும். நேரில் டேப் பிடித்தால் 14 அடி தேறுவதே கஷ்டம். மீதியைத் தின்றது கார் இல்லை; கார் ஏறுவதற்காக கேட்டுக்கு வெளியே போட்ட சிமெண்ட் சரிவு. ரோட்டில் காரை நிறுத்துகிறவனை எல்லோரும் திட்டுகிறோம். அவன் ராத்திரி நிறுத்துகிறான், காலையில் எடுத்துவிடுகிறான். சரிவு எங்கேயும் போகாது.

விதி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கேட்கிறது. நம்ம கணக்கில் 8 அடி 2 அங்குலம், 16 அடி 5 அங்குலம். பைக்குக்கு 1 மீட்டர், 1.8 மீட்டர். பிளான் போடுகிறவர் இந்தக் கட்டத்தை வரைந்து உள்ளே ஒரு கார் படத்தையும் வைத்துவிடுவார். குறுகிய தெருவில் முன்பக்கம் விடவேண்டிய காலியிடமோ ஒன்றரை மீட்டர், அதாவது 5 அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. ஸ்விஃப்ட் காரின் நீளம் 3.86 மீட்டர், அகலம் 1.735 மீட்டர். அந்த இடத்தில் நீளவாக்கிலும் நிற்காது, குறுக்குவாக்கிலும் நிற்காது. ஆகவே ஹாலைப் பின்னுக்குத் தள்ளித்தான் போர்டிகோ எடுக்க வேண்டும். 3 சென்ட் மனையில் 135 சதுர அடி என்பது பத்தில் ஒரு பங்கு. அதை விட யாருக்கு மனசு வருகிறது? பிளானில் கார் நிற்கும், கட்டும்போது அங்கே ஒரு பெட்ரூம் முளைத்திருக்கும்.

வந்து பார்க்கவும் ஆள் கிடையாது. 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று போதும். சின்ன வீடுகளுக்குப் பணிநிறைவுச் சான்றும் வேண்டாம். அலைச்சல் குறைந்தது, நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிளானில் இருக்கும் பார்க்கிங் இனிமேல் வீட்டுக்காரர் தரும் வாக்குறுதி மட்டும்தான்.

சரி, சரிவு ஏன் இவ்வளவு நீளுகிறது? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போடுவதால். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். காலனித் தெருக்களில் அது எவ்வளவு நடக்கிறது என்பதை அவரவர் வாசல்படியைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். ரோடு உயர உயர, புது வீடு கட்டுகிறவர்கள் தரைமட்டத்தை ஏற்றுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு 3 அடி, 4 அடி என்று ஏற்றுவதில் தப்பே இல்லை. தப்பு என்னவென்றால், வீட்டை ஏற்றும்போது போர்டிகோவையும் அதே மட்டத்துக்கு ஏற்றிவிடுவது.

கணக்கைப் பாருங்கள். கார் இடிக்காமல் ஏற 1க்கு 8 சரிவு வேண்டும், அதாவது 1 அடி உயரத்துக்கு 8 அடி நீளம். 3 அடி உயர போர்டிகோவுக்கு 24 அடி. அது யாரிடம் இருக்கிறது? 4 அடி உள்ளே, 4 அடி வெளியே என்று செங்குத்தாகப் போட்டுவிடுகிறார்கள். இறங்கும்போது முன் பம்பர் ரோட்டில் தேயும்; ஏறும்போது உச்சியில் காரின் வயிறு தட்டும். தட்டியதும் "இன்னும் கொஞ்சம் நீட்டிப் போடு"ன்னு கொத்தனாருக்கு உத்தரவு. இப்படியே தெரு போய்விடும்.

அண்ணாச்சி, வெள்ளத்துக்குப் பயந்தால் வீட்டை ஏற்றுங்கள், காரை எதற்கு ஏற்றுகிறீர்கள்? போர்டிகோ தரை ரோட்டிலிருந்து 6 அங்குலம் இருந்தால் போதும். 6 அங்குலத்துக்கு 1க்கு 8 என்றால் 4 அடி. விதிப்படி விட்ட அந்த ஐந்தடிக்குள் சரிவு அடங்கிவிடும், ரோட்டை ஒரு அங்குலம்கூடத் தொட வேண்டாம். மீதி இரண்டரை அடிக்கு 6 அங்குலம் வீதம் 5 படி, போர்டிகோவின் பக்கச்சுவரை ஒட்டி, வயசானவர்கள் பிடித்து ஏற ஒரு கைப்பிடியோடு. கேட்டை ஒட்டி உள்பக்கம் 6 அங்குல அகலத்தில் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, மேலே இரும்புக் கம்பித்தட்டு போட்டு, மழைநீர்க் குழியில் சேர்த்துவிடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயம் ஆகிவிட்டது. முற்றம் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டு அந்தக் குழிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? டயர் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் 2 அடி அகலத்தில் கான்கிரீட் போட்டு நடுவே மண்ணாக விடலாம். பேவர் பிளாக்தான் வேண்டும் என்றால் கார் ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கல் கேளுங்கள். 60 மில்லிமீட்டரும் கார் தாங்கும், 80 இன்னும் உறுதி. அடியில் ஜல்லி போட்டு நன்றாக இறுக்காவிட்டால் எந்தக் கல்லாக இருந்தாலும் ஒரே மழைக்காலத்தில் டயர்த் தடம் பள்ளமாகும்.

முக்கியமான இன்னொன்று. சம்ப்பும் செப்டிக் டேங்கும் பல வீடுகளில் முன்வாசலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. ஆள் நடப்பதற்கென்று போட்ட 2, 3 அங்குலப் பலகை மேல் ஒரு டன் காரை நிறுத்தினால் இன்றைக்கு உடையாது, ஒருநாள் உடையும். கம்பி கட்டிய 6 அங்குல ஸ்லாபாவது வேண்டும், கம்பிக் கணக்கை இன்ஜினியர் போட வேண்டும். மூடியும் வண்டிப் பாரம் தாங்குகிற கனத்த மூடியாக இருக்க வேண்டும். முடிந்தால் சம்ப்பைப் பக்கவாட்டுச் சந்துக்கு மாற்றிவிடுங்கள். தெருத்தண்ணீர் போர்டிகோவுக்குள் வந்தால் முதலில் இறங்குவது சம்ப்பில்தான்.

இனி வாறுகால், அதாவது தெருவோரச் சாக்கடை. நம்ம ஊர்ச் சண்டையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. சரிவுக்கு அடியில் வாறுகாலை அப்படியே விட்டால் செலவு என்று, ஒரு 6 அங்குல பிவிசி குழாயைப் படுக்கவைத்து மேலே கான்கிரீட்டைக் கொட்டிவிடுவார்கள். ஒரு பால் கவர், நாலு வேப்பங்குச்சி, கொஞ்சம் மணல் போதும். குழாயின் வாய் அடைத்து, தண்ணீர் மேட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் தேங்கும். தூய்மைப் பணியாளர் வந்தால் மண்வெட்டி நுழைய இடமிருக்காது. குற்றம் செய்தவன் வாசல் காய்ந்து கிடக்கும், அடுத்த வீட்டுக்காரர் கொசுவோடு மல்லுக்கட்டுவார். வாறுகாலைத் தாண்ட சரிவு வேண்டாம், மூடி போதும். 2 அடி அகலத் துண்டு ஸ்லாப், தூக்குவதற்கு இரும்பு வளையம், ரோடு மட்டத்துக்கு மேலே எழும்பாமல். இரண்டு பேர் கம்பி கோத்துத் தூக்கி, அள்ளிவிட்டு, திரும்பப் போடலாம்.

கேட் வெளிப்பக்கம் திறக்கக் கூடாது. தெருவில் போகிற பிள்ளை மேல் இடிக்கும். உள்ளே திறந்தால் 10 அடி கேட்டின் ஒவ்வொரு கதவும் 5 அடியைக் கேட்கும். தள்ளு கேட் என்றால் அதே நீளத்துக்குச் சுவர் காலியாக வேண்டும். இரண்டுக்கும் இடமில்லையென்றால் மடக்கு கேட்.

வாசலுக்கு வெளியே கல், பூந்தொட்டி, "நோ பார்க்கிங்" பலகை வைத்து இடம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த இடம் உங்களுடையது இல்லை. போக்குவரத்துக் குறி வைக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 116வது பிரிவின்படி அரசுக்கும் அரசு அனுமதித்தவர்களுக்கும்தான். ஆனால் உங்கள் வாசலை மறித்து ஒருவன் நிறுத்தினால் அது தப்புதான், பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கிற வண்டியை அகற்றச் சொல்ல 127வது பிரிவு சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து ஸ்டேஷனில் கொடுங்கள். சக்கரத்தில் காற்றைப் பிடுங்கினால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

டவுனில் வளவு வீடுகளுக்கும் (ஒரே வாசலுக்குள் பல குடித்தனம்) முடுக்குகளுக்கும் (குறுகலான சந்து) இது எதுவும் பொருந்தாது. அங்கே கார் நுழையவே முடியாது, ரதவீதியைச் சுற்றி மாநகராட்சி வாடகைக்கு நிறுத்துமிடம் கட்டித் தருவதுதான் வழி.

காலனிகளுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு போதும். புது ரோடு போடும்முன் மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போடட்டும். கோட்டைத் தாண்டிய சரிவை உடைக்க முப்பது நாள் அவகாசம், அதற்குப் பிறகு ரோடு போடும் காண்டிராக்டரே உடைத்து, செலவைச் சொத்துவரியில் சேர்க்கட்டும். கவுன்சிலர் வீட்டுச் சரிவிலிருந்து ஆரம்பித்தால் தெருவில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.