இருநூறு ரூபாய் ரப்பருக்கு ஒரு காரைக் கொல்வதா?

காது புளித்துவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான்: "இன்னுமா இந்த வண்டியை வைத்திருக்கிறீர்கள், அண்ணாச்சி? தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள்."

எதற்குத் தள்ள வேண்டும்? 2008-இல் ஆசை ஆசையாக வாங்கிய பெரிய செடான் அது. இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜினை ஒரு முறைகூடப் பிரித்ததில்லை. சித்திரை வெயிலில் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஏ.சி. போட்டுக்கொண்டு போனாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. என் அப்பாவைச் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகக் கொண்டுபோனது இதன் பின் சீட்டில்தான். அந்தச் சாலையின் பள்ளம் ஒன்றுகூட அவர் உடம்பை உலுக்கவில்லை. அப்படிப்பட்ட வண்டியை ஒரு ரப்பர் துண்டுக்காகக் காயலான் கடையில் போடச் சொல்கிறார்கள்!

ஆமாம், ரப்பர் துண்டுதான். வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் இடதுபுறத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கைக்குள் இருக்கும் ரப்பர், போய்விட்டது என்றார்கள். மாற்றுங்கள் என்றேன். "புஷ் தனியாக வராது சார், ஆர்மை முழுதாகத்தான் மாற்ற வேண்டும்." ஒரு பக்கத்துக்கு 14,000 ரூபாய். சரி, போடுங்கள் என்றேன். "ஸ்டாக் இல்லை சார். அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். ஆர்டர் போட்டால் வந்தாலும் வரும்." இதைச் சொல்லிவிட்டு அந்தப் பையன் என் கையில் கொடுத்தது புது மாடலின் விளம்பரத் தாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

திருநெல்வேலி பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஜாக்கி வைத்துத் தூக்கி, கம்பியை நுழைத்து நெம்பிக் காட்டினார். இரும்பு ஆர்மில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குள் உட்கார்ந்திருந்த எலுமிச்சம்பழ அளவு ரப்பர் மட்டும் வாய் பிளந்து கிடந்தது. விரல் பட்டதும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. பதினேழு வருட வெயிலில் ரப்பர் வேறு என்ன ஆகும்? வேறொரு காரின் புஷ்ஷை இருநூறு ரூபாய்க்கு வாங்கி, லேத் பட்டறையில் அதன் உறையை அரை மில்லிமீட்டர் கடைந்து, பிரஸ்ஸில் வைத்து ஏற்றிவிட்டார். ஒரு மத்தியான வேலை. கூலியோடு 900 ரூபாய். சத்தம் போன இடம் தெரியவில்லை.

பட்டறையில் இருப்பவரால் முடிகிறது. அந்த ரப்பரின் அச்சையே கையில் வைத்திருப்பவர்களால் முடியாதா? மனம் இல்லை, அவ்வளவுதான். புஷ்ஷை விற்றால் நான் இன்னும் பத்து வருடம் இதையே ஓட்டிவிடுவேனே!

2023-இல் பதினைந்து வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரலுக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகியிருந்தது. அதற்கு மேல் பசுமை வரி வேறு. எல்லாவற்றையும் கட்டினேன். வண்டியைச் சோதித்துப் பார்த்துத்தான் ஐந்து வருடம் நீட்டித்தார்கள். ஓடத் தகுதியான வண்டி என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்கு உதிரிபாகம் தராதவர்களை யார் கேட்பது?

இப்போது பெட்ரோல் விவகாரம். பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதை மனத்தில் வைத்துச் செய்யாத பழைய ரப்பரை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது: பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம்; செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே எளிதாக மாற்றிவிடலாம். மாற்றத் தயாராகத்தான் இருக்கிறேன். பாகம் எங்கே?

போன வாரம் காலையில் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், இன்ஜினுக்குப் போகும் ஹோஸ் உப்பிப் பிசுபிசுவென்று இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் அதே பதில். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறேன் என்றார்கள். அது பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் போடும் ஹோஸ், அதிக அழுத்தம் தாங்காது. என் வண்டியில் பெட்ரோல் பம்ப் அழுத்தத்தில் பாய்கிறது. அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். உள்ளே என் அம்மா உட்கார்ந்திருப்பார். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியில் கழற்றியது கிடைக்குமாம். அதுவும் இதே வயது ரப்பர்தானே?

பேட்டைக்காரர் எங்கெங்கோ விசாரித்து, சென்னையில் ஒரு கடையில் புதியது ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்தார். பஸ் பார்சலில் அனுப்பியிருப்பதாகச் சொல்லி மூன்று நாள் ஆகிறது. பட்டறையில் பானெட்டைத் திறந்தபடி வண்டி நிற்கிறது. நாளை அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். வாடகைக் கார் சொல்லியிருக்கிறேன்.