ரயிலைக் கண்டுபிடித்தவர் ஸ்டீபன்சன் என்று இன்னும் எத்தனை நாள் எழுதுவீர்கள்?

வினாடி வினா, பொது அறிவுக் கையேடு, வாட்ஸ்அப் ஃபார்வர்டு, எதைத் திறந்தாலும் ஒரே பதில்: "நீராவி ரயிலைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன், 1825." தப்பு. முழுத் தப்பு! திருத்திச் சொன்னாலும் மறுநாள் அதே வரி வந்து நிற்கிறது.

1804 பிப்ரவரி 21. வேல்ஸில் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து ரிச்சர்ட் டிரெவிதிக்கின் எஞ்சின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் ஏற்றிய ஐந்து வண்டிகளை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் இழுத்துப் போனது. அப்போது ஸ்டீபன்சனுக்கு 22 வயது. 1812இல் லீட்ஸ் பக்கம் மிடில்டன் நிலக்கரிப் பாதையில் சலமான்கா எஞ்சின் பல்சக்கரத்தோடு தினசரி வேலைக்கே வந்துவிட்டது. ஸ்டீபன்சனின் முதல் எஞ்சின் 1814இல்தான்.

1804இல் ஓடியது ஏன் நிலைக்கவில்லை? கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஒருவரும் கேட்பதில்லை! எஞ்சின் ஓடியது, பாதைதான் தாங்கவில்லை. தண்டவாளம் வார்ப்பிரும்பு, அதாவது உருக்கி அச்சில் ஊற்றிய இரும்பு. அது அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரண்டு தாங்குகற்களுக்கு நடுவே பாரம் ஏறும்போது தண்டவாளத்தின் அடிப்பக்கம் இழுபடும். அங்கே விரிசல் விட்டுப் படக்கென்று முறியும். சுமார் 5 டன் எஞ்சினுக்கு அந்தப் பாதை திரும்பத் திரும்ப உடைந்தது. தீர்வு 1820இல் வந்தது. ஜான் பர்கின்ஷா தேனிரும்பை (wrought iron) உருளைகளுக்கிடையே உருட்டி 15 அடி நீளத் தண்டவாளம் செய்யக் காப்புரிமை வாங்கினார். தேனிரும்பு வளையும், எளிதில் முறியாது. நீளம் கூடினால் இணைப்பும் குறையும்.

வார்ப்பிரும்புத் தண்டவாளக் காப்புரிமையில் ஸ்டீபன்சனுக்கே பங்கு இருந்தது. அந்த லாபத்தை விட்டுவிட்டு, 1825இல் திறந்த ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதைக்குத் தேனிரும்பைப் பரிந்துரைத்தார். மனிதரின் பெருமை இங்கே இருக்கிறது! செய்யாததைச் செய்தார் என்று எழுதி, செய்ததை மறைக்கிறீர்கள்.

இன்னொரு கொடுமை: "1825" என்று போட்டு 'ராக்கெட்' என்ற எஞ்சினின் படத்தை ஒட்டுவது. ராக்கெட் 1829இல் ரெயின்ஹில்லில் நடந்த எஞ்சின் போட்டிக்காக மகன் ராபர்ட்டின் மேற்பார்வையில் உருவானது. கொதிகலனுக்குள் 25 செம்புக் குழாய் போடும் யோசனை லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் நிறுவனத்தின் ஹென்றி பூத்துடையது. 1825இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் ஓடியது 'லோகோமோஷன்' எஞ்சின். அதற்கு சிலிண்டர்கள் கொதிகலன்மேல் செங்குத்தாக நிற்கும், நான்கு சக்கரமும் ஒரே அளவு. ராக்கெட்டுக்கு முன்சக்கரம் பெரிது, பின்சக்கரம் சிறிது, சிலிண்டர்கள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். படத்தை ஒட்டுமுன் சக்கரத்தையாவது பாருங்கள்!